கஷாயமா, மாத்திரையா, பொறுத்திருப்பதா: சின்ன உபாதைகளுக்கு எந்த வழி?

சளி, இருமல், மலச்சிக்கல், குமட்டல், பல்வலி, லேசான தீப்புண் என்று வந்து வந்து போகும் உபாதைகளுக்கு நம் கையில் நான்கு வழிகள் இருக்கின்றன. செடியைப் பறித்தோ காய்ந்த சரக்கை வாங்கியோ வீட்டிலேயே கஷாயம் வைக்கலாம். அதே மூலிகையின் சாரத்தை அளந்து அடைத்த மாத்திரையாகவோ சிரப்பாகவோ வாங்கலாம். மருந்துக்கடையில் வழக்கமான ஆங்கில மருந்தைக் கேட்கலாம். இல்லையென்றால் ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்து, உடம்பு தானாகச் சரியாகும்வரை பொறுத்திருக்கலாம். கடைசி வழியைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், பல உபாதைகளில் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் 'இயற்கையா, ரசாயனமா' என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே சண்டையாக நின்றுவிடுகிறது. முடிவெடுக்க அந்தக் கேள்வி உதவாது என்பது என் எண்ணம். எந்த உபாதைக்கு, செடியின் எந்தப் பகுதி, எந்த வடிவில், எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டால் உதவும். பதில் தெரிந்த இடத்தில் மூலிகையை நிம்மதியாக எடுக்கலாம். தெரியாத இடத்தில் அளவு எழுதிய மருந்துதான் பாதுகாப்பு.

ஒரே செடி, வேறு வேறு பலன்

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் கதை இதற்கு நல்ல சான்று. சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு ஆர்ட்டிமீசியா ஆனுவா என்ற செடியைச் சோதித்தபோது முதலில் பலன் சீராகக் கிடைக்கவில்லை. சூடுபடுத்திச் சாறெடுப்பதால்தான் மருந்துப் பொருள் சிதைகிறது என்று அவர் யோசித்தார். குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1972-இல் தூய பொருள் கையில் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. அதன் வழிவந்த கூட்டு மருந்துகள்தாம் இன்றைக்கு ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான கிருமியால் வரும், இன்னும் முற்றிச் சிக்கலாகாத மலேரியாவுக்கு முதல் சிகிச்சை. அதே இலையைத் தேநீராகப் போட்டுக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் இலையில் உள்ள மருந்தின் அளவு மாறும். போதாத அளவு உள்ளே போனால் நோய் திரும்ப வரும், கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும்.

இதயத்துக்கான டிஜாக்சினும் அப்படித்தான். ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலை உடல் வீக்கத்தை வடியவைப்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் எழுதி வெளியிட்டார். அந்தச் செடியினத்தில் வேலை செய்யும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகவும் குறுகல். அதனால்தான் இலை போய் மைக்ரோகிராம் கணக்கில் அளந்த மாத்திரை வந்தது.

இதற்கு நேர் எதிராக, இஞ்சியிலோ இசப்கோல் உமியிலோ கொஞ்சம் கூடக்குறையப் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. பலன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் நடுவே நிறைய இடம் இருந்தால் வீட்டு வடிவமே போதும். இடம் குறுகக் குறுக அளந்த வடிவத்தை நோக்கி நகர வேண்டும். இனி உபாதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

இருமலும் சளியும்

கஷாயங்கள் அதிகம் கொதிப்பது இதற்காகத்தான். சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஏழு முதல் பத்து நாளில் அதுவே போய்விடும். கூட வந்த இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம். ஆன்டிபயாடிக் இதில் ஒன்றும் செய்யாது. ஆகவே இங்கே எந்த மருந்தும் நோயைக் 'குணப்படுத்துவதில்லை'. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்காமல், தொண்டை அரிக்காமல், சளி எளிதாக வெளியேறும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஐந்தாம் நாள் எதைக் குடித்தாலும் ஏழாம் நாள் தேறிவிடுவோம், குடித்ததற்குப் பெயர் கிடைத்துவிடும். மூலிகை அனுபவக் கதைகளைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மாத்திரை அனுபவக் கதைகளுக்கும் இது பொருந்தும்.

ஆடாதோடையை எடுத்துக்கொள்வோம். அதன் இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்துச் செய்ததுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து. புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போய் மாறும் பொருள் அம்ப்ராக்சால். அதுவும் தனி மருந்தாகக் கிடைக்கிறது. அதாவது, ஆடாதோடைக் கஷாயமா சளி சிரப்பா என்று யோசிக்கிறவர் ஒரே குடும்பத்துக்குள்தான் தேர்ந்தெடுக்கிறார். வேறுபாடு அளவில். மாத்திரையில் 8 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். கஷாயத்தில் இலை இளசா முற்றலா, எவ்வளவு நேரம் கொதித்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். பலன் இரண்டிலும் மிதமானதுதான். அரிதாக ஏற்படும் கடுமையான தோல் ஒவ்வாமை பற்றி ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின் இரண்டுக்கும் எச்சரிக்கை சேர்த்தது. ஆடாதோடையின் வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு. அதனால் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. மற்றப் பெரியவர்களுக்கு இரண்டில் எதுவானாலும் சரி. இரண்டையும் சேர்த்து எடுப்பதில்தான் அர்த்தமில்லை.

நிலவேம்பு சளி அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதே நிலவேம்பு உள்ள மருந்துகளால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்ததை ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் ஆராய்ந்து எச்சரித்தது. அடிக்கடி வருவதில்லை என்றாலும், தானாகப் போகும் சளிக்கு அந்த ஆபத்தை ஏற்க வேண்டுமா என்பதை அவரவர்தான் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள உடம்பு என்றால் வேண்டாம் என்பேன்.

தேன் செடியில்லைதான், ஆனால் இந்த ஒப்பீட்டில் அதை விடமுடியாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019-இல் வெளியிட்ட இருமல் வழிகாட்டுதலில், வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றில் தேனையும் சேர்த்திருக்கிறது. குழந்தைகளின் இரவு இருமலுக்கு அது உதவுகிறது என்று சோதனைகளும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம்; அந்தச் சின்னக் குடலுக்கு அதைத் தடுக்கும் வலு இன்னும் வந்திருக்காது.

சிறு குழந்தைகளுக்கு மருந்துக்கடை சிரப்பே மேல் என்றும் சொல்லமுடியாது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடையில் நேரடியாக வாங்கும் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-இல் அறிவுறுத்தியது. 2022-இல் காம்பியாவில் டைஎத்திலீன் கிளைக்கால், எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள்கள் கலந்த சிரப்புகள் காரணமாகப் பல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த வயதில் நான்காவது வழிதான் பெரும்பாலும் சிறந்தது: பால், நீர் ஆகாரம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அருகிலிருந்து கவனிப்பது.

ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். ஆனால் சளியைச் சீக்கிரம் விரட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது மட்டும் நிஜமாக நடக்கிறது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், சளியில் ரத்தம் தெரிந்தால், இரண்டு வாரம் தாண்டியும் இருமல் குறையவே இல்லை என்றால், கூடவே மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால், நான்கு வழிகளில் எதுவும் வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும். அது காசநோயாக இருந்தால், கஷாயத்தால் மறைத்து வைப்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து.

மலச்சிக்கல்: மூலிகை உண்மையிலேயே வெல்லும் இடம்

இங்கே தயக்கமில்லாமல் செடியின் பக்கம் பேசலாம். மருத்துவர் சீட்டில் எழுதும் மருந்துகளிலேயே இரண்டு நேராகச் செடியிலிருந்து வருபவை: இசப்கோல் உமியும் நிலவாகையும். ஆனால் இரண்டும் செய்யும் வேலை முற்றிலும் வேறு. அது தெரியாமல்தான் பலர் மாற்றி எடுத்துக்கொள்கிறார்கள்.

இசப்கோல் உமி நீரை உறிஞ்சி ஊதி மலத்தை மென்மையாக்கும், பருமனாக்கும். குடலை வற்புறுத்தாது. பலன் தெரிய அரை நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். அதனால் இன்றைக்கே வயிறு இறங்க வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம். ஆனால் மாதக்கணக்கில் எடுத்தாலும் பிரச்சினை இல்லை. நீர் போல் போகும் மலத்தைக் கெட்டியாக்கவும் இதே உமி உதவும். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு முறையும் முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு வேண்டாம். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடித்தால் அவற்றை உடம்பு உறிஞ்சுவது குறையலாம். இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் நல்லது.

நிலவாகையிலுள்ள சென்னோசைடுகள் என்ற மருந்துப் பொருள்கள் இரைப்பையில் ஒன்றும் செய்யாமல் பெருங்குடல் வரை போகும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்த பிறகுதான் வேலை தொடங்கும், குடல் சுருங்கி மலத்தைத் தள்ளும். இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். படுக்கப் போகும்போது எடுத்தால் காலையில் பலன் தெரிவது இதனால்தான். எப்போதாவது ஒருநாள் எடுக்க அருமையான மருந்து. ஒரு வாரத்துக்கு மேல் தானாகத் தொடரக் கூடாது, வயிற்றுப்போக்காகிப் பொட்டாசியம் குறையும். பொடியைக் கரண்டியில் அள்ளிப்போடுகிறவருக்கு ஒருநாள் ஒன்றும் ஆகாது, அடுத்த நாள் வயிறு முறுக்கி எடுக்கும். அதே நிலவாகைக்கு மில்லிகிராம் எழுதிய மாத்திரை இருக்கும்போது நான் பொடியைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். எடை குறைக்கும் 'மூலிகைத் தேநீர்' பலவற்றில் இருப்பதும் இந்த இலைதான். குறைவது உடம்பிலுள்ள நீர், கொழுப்பு அல்ல.

சோற்றுக்கற்றாழையின் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலும் மலமிளக்கிதான். ஆனால் அதன் பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று எஃப்.டி.ஏ. 2002-இல் கடையில் நேரடியாக விற்கும் மலமிளக்கிகளிலிருந்து நீக்கியது. உள்ளே உள்ள தெளிவான சோறு வேறு, மஞ்சள் பால் வேறு. கற்றாழைச் சாறு வீட்டில் எடுப்பவர்கள் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவுவது அவசியம்.

செடி அல்லாத வழிகளில் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியும் லாக்டுலோஸும் இருக்கின்றன. பாலிஎத்திலீன் கிளைக்காலுக்கு நீண்ட நாள் சிக்கலில் வலுவான சான்று உண்டு. உமி வயிற்றை உப்பவைத்தால் அதற்கு மாறிவிடலாம். என் வரிசை இதுதான்: தினசரிக்கு உமி, ஒத்துவராவிட்டால் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி, அவசரத்துக்கு நிலவாகை மாத்திரை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, நடுவயதுக்கு மேல் திடீரென மாறிய மலப்பழக்கம் என்றால் வரிசையை மூடிவைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும்

குமட்டலுக்கு இஞ்சி, அதிலும் குறிப்பாகக் கர்ப்பகாலக் குமட்டலுக்கு. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிராம் உலர்ந்த இஞ்சிப் பொடியைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் மருந்தில்லா வழிகளில் இஞ்சியைச் சேர்த்திருக்கிறது. பச்சை இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் காயும்போதும் சூடாகும்போதும் ஷோகாலாக மாறும். அதனால் இஞ்சிக்கும் சுக்குக்கும் காரம் வேறு. குமட்டல் விஷயத்தில் எதை எடுத்தாலும் குற்றமில்லை. நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதிக அளவு இஞ்சியை மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்க வேண்டாம். பயணத்தில் வரும் வாந்திக்கோ மருந்துக்கடை மாத்திரைதான் வலுவானது, தூக்கம் வரும் என்பதை ஏற்றுக்கொண்டால். தண்ணீரைக்கூட வயிற்றில் தங்கவிடாத வாந்தியில் இஞ்சியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் உயிரைக் காப்பது. குழந்தைகளுக்கு அதோடு துத்தநாக மருந்தும் கொடுப்பார்கள். எந்த மூலிகையும் இதற்கு மாற்று கிடையாது.

அடிக்கடி வயிறு முறுக்கிப் பிடிக்கும் எரிச்சல் குடல் நோயில் நிலைமை திரும்புகிறது. இங்கே வெல்வது வீட்டுக் கஷாயம் இல்லை, அளந்த சாரம். பெப்பர்மின்ட் எண்ணெயில் உள்ள மென்தால் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் வாய்வழியே திரவமாகப் போனால், குடலுக்குப் போவதற்கு முன்பே உணவுக்குழாயின் கீழ் வாசலையும் தளர்த்தி நெஞ்செரிச்சலைக் கொண்டுவரும். அதனால்தான் இரைப்பை அமிலத்தில் கரையாத உறை போட்ட கேப்சூல் வந்தது. அது குடலில் போய்த்தான் திறக்கும். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்களின் கல்லூரி 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெப்பர்மின்ட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது. புதினாத் தேநீர் இதமானதுதான், ஆனால் இந்தக் கேப்சூலின் வேலையை அது செய்யாது. கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ மென்தால் தைலம் தடவுவது ஆபத்து, மூச்சுப்பாதை சட்டென்று இறுகிக்கொள்ளலாம்.

வலி, காய்ச்சல், பல், தோல்

வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிப்பதை எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1897-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் அதன் உறவுப் பொருளான ஆஸ்பிரின் தயாரானது. இன்றைக்குப் பட்டைச் சாரம் முதுகுவலிக்கு விற்கப்படுகிறது. ஆனால் ஆஸ்பிரினுக்கு உள்ள தடைகள் எல்லாம் அதற்கும் உண்டு: வைரஸ் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்குக் கூடாது, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குக் கூடாது, டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான் என் தேர்வு. அதற்கும் ஒரு கூரை இருக்கிறது: பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டவே கூடாது, தாண்டினால் ஈரல் கெடும். சளிக்கான கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும், கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

மூட்டுவலிக்கு மஞ்சள் நல்லது என்று எங்கும் கேட்கிறோம். மஞ்சள்தூளில் குர்குமின் என்ற மருந்துப் பொருள் சுமார் 3 சதவீதம்தான், அதையும் உடம்பு மிகக் குறைவாகவே உறிஞ்சும். முழங்கால் தேய்மானத்தில் ஓரளவு பலன் காட்டிய ஆய்வுகள் செறிவூட்டிய கேப்சூலை வைத்து நடந்தவை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு கேப்சூல்களில் அதையும் சேர்த்தார்கள். 2019-இல் இத்தாலியில் இத்தகைய மஞ்சள் மாத்திரைகள் எடுத்தவர்களிடம் ஈரல் அழற்சி பதிவானது. உணவில் சேரும் மஞ்சளை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. உணவில் பாதுகாப்பாக இருக்கும் பொருளே அடர்த்தியாகும்போது அதே பாதுகாப்பு கூடவே வருவதில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் உண்மையிலேயே வேலை செய்யும். அதிலுள்ள யூஜெனால் மரத்துப்போக வைக்கும். பல் மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பஞ்சு முனையில் துளி தொட்டுப் பல்லில் மட்டும் வைக்க வேண்டும், ஈறில் பட்டால் புண்ணாகும். குழந்தை எண்ணெயைக் குடித்துவிட்டால் ஈரலே பழுதாகலாம், அதனால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மருத்துவரைப் பார்க்கும்வரை ஒரு ராத்திரியைக் கடத்த உதவும், அவ்வளவுதான். சொத்தை அப்படியே இருக்கும்.

தீப்புண்ணில் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். தோல் சிவந்த லேசான காயத்துக்குக் கற்றாழைச் சோறு இதமளிக்கும். கொப்புளம் உடைந்த, ஆழமான புண்ணில் செடி எதையும் அரைத்துப் பூசக் கூடாது. முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீ எண்ணெயையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற வழக்கமான பரு மருந்தையும் 1990-இல் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். எண்ணெய் மெதுவாகத்தான் வேலை செய்தது, எரிச்சலும் வறட்சியும் குறைவாக இருந்தது. பொறுமை உள்ளவருக்கு எண்ணெய், அவசரக்காரருக்குப் பெராக்சைடு. நீர்க்காத எண்ணெயைத் தோலில் வைப்பதும், வாயில் போடுவதும் வேண்டாம்.

மஞ்சள்காமாலையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

கீழாநெல்லி பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்தபோது 59 சதவீதம் பேரின் ரத்தத்திலிருந்து அதன் அடையாளம் மறைந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 4 சதவீதம்தான். பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வைக் குறை சொல்ல நான் வரவில்லை. செடியைச் சோதித்துப் பார்க்க எடுத்த முயற்சியாக அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு சோதனை போதாது என்பதற்கும் அதுவே சான்று.

இதில் எனக்கு உள்ள கவலை வேறு. காமாலை என்பது நோயின் அடையாளம் மட்டும்தான். ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வந்திருந்தால் பெரும்பாலோருக்கு ஓய்விலேயே சில வாரங்களில் போய்விடும். அப்போது எந்தச் செடி கொடுத்திருந்தாலும் அது காப்பாற்றியதாகத் தோன்றும். அதே மஞ்சள் நிறம் பித்தக்குழாயில் கல் அடைத்ததாலும், கட்டி அழுத்துவதாலும், ஏதோ ஒரு மருந்தோ மூலிகையோ ஈரலைக் கெடுத்ததாலும் வரலாம். எதனால் என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். அது தெரியும்வரை செடி கொடுத்துக் காத்திருப்பது, நேரம் போனால் திரும்பாத நோய்களில் நேரத்தை இழப்பது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

வீட்டில் வளர்த்த, நன்றாக அடையாளம் தெரிந்த செடிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: அது எது என்று தெரியும். காய்ந்த வேராகவோ பொடியாகவோ ஆனபின் தெரியாது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடை குறைப்பு மருந்தில் ஒரு சீன மூலிகை வேருக்குப் பதில் அரிஸ்டலோக்கியா இனத்து வேர் தவறிக் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதாயின. பலருக்குப் பின்னர் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. நம்மில் பலர் பெயர் கேட்டிருக்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்திலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாகிவிட்டது. இந்த இரண்டையும் எந்த உபாதைக்கும் உள்ளே எடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். வசம்பையும், அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் காரணமாக, உணவில் சேர்க்கக் கூடாது என்று எஃப்.டி.ஏ. 1968-இலேயே தடை விதித்தது.

2004-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. மூட்டுவலிக்கான சில 'மூலிகை' மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். டப்பாவில் செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பகுதி, ஒரு வேளைக்கு எவ்வளவு, தயாரிப்பு எண், காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ரகசியக் கூட்டு' என்று எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களுக்கு

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், வலிப்பு என்று தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன தேர்வுகள் பல மாறிப்போகும். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். 2000-ஆம் ஆண்டில், மாற்று இதயம் பொருத்திய இருவர் அதை எடுத்ததால், நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்து, உடம்பு அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதாக லான்செட்டில் வெளியானது. கருத்தடை மாத்திரையின் பலனும் அதனால் குறையும். தொண்டைக்கு இதமான அதிமதுரம் தொடர்ந்து அதிகமாகப் போனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதற்குக் காரணமான கிளிசரைசின் என்ற பொருள் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்கட்டும் என்பது ஐரோப்பாவின் பரிந்துரை. அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு அதிமதுரம் வேண்டவே வேண்டாம், தேனே போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் பூண்டு கேப்சூலையும் கின்கோ என்ற மூலிகையையும் தவிர்க்க வேண்டும்.

மருத்துவர் 'வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்' என்று கேட்டால் கஷாயத்தையும் பொடியையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவுடன் டப்பாக்களை அப்படியே எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள். பூண்டு, கின்கோ கேப்சூல் போல ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவற்றைப் பொதுவாக ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.